உடல்வாகும் சர்க்கரையும்: கண்ணாடி சொல்லாததை இன்ச் டேப் சொல்லும்

உடம்பைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒல்லி, நோஞ்சான், பூசினாப்போல, கட்டுமஸ்து, குண்டு, ஊளைச்சதை. பட்டியல் போட்டால் நீண்டுகொண்டே போகும். கூடவே ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கு. "அவன் குச்சி மாதிரி இருக்கான், அவனுக்கெல்லாம் சுகர் எங்க வரப்போகுது?" என்பது ஒரு தீர்ப்பு. "இந்த உடம்பை வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வடை வேணுமா?" என்பது இன்னொன்று.

இந்தத் தீர்ப்புகள் எந்த அளவுக்குச் சரி? கொஞ்ச நாளாகப் படித்துக் குறித்து வைத்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல்வாகு ஆரோக்கியத்தைப் பாதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த உடல்வாகு என்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது, எடை மெஷினும் முழுசாகச் சொல்லாது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கு என்பதைவிட, அது எங்கே போய்த் தங்கியிருக்கு என்பதுதான் பெரிய கேள்வி. அதிலும் நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

மூன்று வகை என்ற கதை

இணையத்தில் "உங்கள் உடல் வகை என்ன?" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது எக்டோமார்ஃப், மெசோமார்ஃப், எண்டோமார்ஃப் என்ற மூன்றுதான். ஒல்லி, கட்டுடல், பருமன். ஜிம் பயிற்சியாளர்கள் இதை வைத்து உணவுப் பட்டியலே போட்டுத் தருகிறார்கள்.

இந்தப் பெயர்களை வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1940-இல் இதை ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். கருவில் முதலில் மூன்று அடுக்குகள் உருவாகும். குடல் வருவது ஓர் அடுக்கிலிருந்து, தசையும் எலும்பும் இன்னொன்றிலிருந்து, தோலும் நரம்பும் மூன்றாவதிலிருந்து. அந்த அடுக்குகளின் பெயரைத்தான் மூன்று உடல் வகைகளுக்கும் சூட்டினார். கல்லூரி மாணவர்களை ஆடையில்லாமல் நிற்கவைத்து எடுத்த சுமார் 4,000 புகைப்படங்களைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் 1 முதல் 7 வரை மூன்று எண்கள் கொடுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் தேடியது நோயை அல்ல, குணத்தை. பருமனானவர் சொகுசுப் பிரியர், கட்டுடல்காரர் துணிச்சல்காரர், ஒல்லியானவர் கூச்ச சுபாவி என்று நிறுவப் பார்த்தார். அந்தப் பகுதியை அறிவியல் உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. படம் எடுத்த விவகாரம் 1990-களில் அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்து பெரிய சர்ச்சையானது. விளையாட்டு வீரர்களின் உடலமைப்பை அளக்க மட்டும், ஹீத், கார்ட்டர் என்ற இருவர் 1967-இல் திருத்தி அமைத்த வடிவம் இன்றைக்கும் பயன்படுகிறது.

நம்ம ஊர் வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்பது வேறு மரபு, வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றோடு ஒன்று இணைத்து "வாதம் என்றால் எக்டோமார்ஃப்" என்று எழுதும் பதிவுகள் நிறைய சுற்றுகின்றன. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஷெல்டனின் வகைகளில் உள்ள அடிப்படைச் சிக்கல் எளிமையானது. அவர் வெளித்தோற்றத்தைப் பார்த்தார். சர்க்கரையும் இதய நோயும் ஆரம்பிப்பது உள்ளே.

பிஎம்ஐ: கூட்டத்துக்குப் போட்ட கணக்கு

அடுத்து பிஎம்ஐ. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. இதன் மூலக் கணக்கைப் போட்டவர் டாக்டரே இல்லை. அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர், கணித அறிஞர். 1830-களில் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது, பெரியவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கவனித்தார். 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்து இதைச் சோதித்து, "பாடி மாஸ் இண்டெக்ஸ்" என்று பெயர் வைத்தார்.

பிஎம்ஐ ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. ஒரு மாவட்டமோ ஒரு நாடோ எப்படி இருக்கிறது என்று பார்க்க அது நல்ல கருவி. ஆனால் தனி ஒருவரிடம் வரும்போது அதற்கு இரண்டு விஷயங்கள் தெரியாது. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தெரியாது. அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா, கல்லீரலில் இருக்கிறதா என்றும் தெரியாது.

இரண்டு டாக்டர்கள், ஒரே எண்

இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் குறிப்பு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின். (சர்க்கரைக்கு எதிராகப் புத்தகம் எழுதிய யுட்கின் வேறு, இவர் வேறு.) இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. எந்த அட்டவணையிலும் "நார்மல்". பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தைப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! எடையும் உயரமும் சொல்லும் கணக்கு ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது இரண்டு வேறு உடம்புகள்.

இந்த மாதிரி உடல்வாகைத்தான் ஆய்வாளர்கள் "ஒல்லியான குண்டு" என்கிறார்கள். கை கால் மெலிவு, தசை குறைவு, ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு. நம்ம தெருவில் நாலு பேரைப் பார்த்தால் இரண்டு பேர் இப்படித்தான் இருப்பார்கள். சட்டையை வெளியே விட்டால் ஒல்லி, டக்-இன் பண்ணினால் தொப்பை.

குதிர் நிறைந்தால் என்ன ஆகும்?

கொழுப்பு இருப்பதே தப்பு என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கு. உண்மையில் கொழுப்புத் திசு ஒரு கிடங்கு. பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிரை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் குதிருக்குள் இருக்கும்வரை வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. குதிர் நிறைந்தபிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால்? நடையில் கொட்டணும், திண்ணையில் கொட்டணும், கடைசியில் அடுப்படிக்கும் வந்துவிடும். அப்புறம் சமையல் நடக்காது.

தோலுக்கு அடியில், குறிப்பாக இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்புதான் குதிருக்குள் இருக்கும் நெல். குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், கணையத்துக்குள்ளும் சேர்வது அடுப்படியில் கொட்டியது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரடி ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் பேச்சைக் கேட்காது, வேண்டாத நேரத்திலும் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். ஒரு கட்டத்தில் அதுவும் களைத்துப்போகும்.

இது வெறும் உவமை இல்லை என்பதற்கு மூன்று சான்றுகள்.

ஒன்று: லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோய். இதில் உடம்பின் கொழுப்புத் திசு பெரும்பாலும் இருக்காது. எலும்பும் தசையுமாகத்தான் தெரிவார்கள். கொழுப்பே இல்லையே, ஆரோக்கியமாக இருக்க வேண்டாமா? இல்லை. கடுமையான சர்க்கரை நோயும், கொழுப்பு நிரம்பிய கல்லீரலும் வருகின்றன. குதிரே இல்லாத வீட்டில் நெல் முழுக்க அடுப்படிக்குத்தானே போகும்.

இரண்டு: 2004-இல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை லிப்போசக்ஷன் மூலம் உறிஞ்சி எடுத்தார்கள். சராசரியாகச் சுமார் 10 கிலோ. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறனில் முன்னேற்றமே இல்லை. வெளிக் கிடங்கைக் காலி செய்ததால் உள்ளே எதுவும் மாறவில்லை.

மூன்று: ஜப்பானின் சுமோ மல்லர்கள். பார்த்தால் மலை மாதிரி இருப்பார்கள். ஆனால் பயிற்சியில் இருக்கும் மல்லர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், அவர்களுடைய கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கு அடியில்தான் இருக்கிறது, வயிற்றுக்குள் குறைவு என்று கண்டார்கள்.

வெளியே தெரியும் வடிவம் முக்கியம் என்பதைப் பிரான்ஸின் மார்செய் நகர டாக்டர் ழான் வாக் 1947-லேயே சொல்லிவிட்டார். மேல் உடம்பிலும் வயிற்றிலும் சதை போடுபவர்களுக்குத்தான் சர்க்கரையும் இதய நோயும் அதிகம், இடுப்பிலும் தொடையிலும் போடுபவர்களுக்குக் குறைவு என்று எழுதினார். இன்று நாம் சொல்லும் "ஆப்பிள்", "பேரிக்காய்" வடிவங்களுக்கு மூலம் அதுதான். பொதுவாக ஆண்களுக்கு முதல் வடிவம், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இரண்டாவது. அதற்குப் பிறகு பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர ஆரம்பிக்கும். 50 வயதைத் தாண்டிய அம்மாக்கள், "எடை ஏறலை, ஆனா ஜாக்கெட் மட்டும் சேரமாட்டேங்குது" என்று சொன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

நமக்கு ஏன் குதிர் சின்னது?

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் சொல்லும் கருத்து எனக்கு ரொம்பத் தெளிவாகப் பட்டது. ஒவ்வொருவருக்கும் கொழுப்பைப் பத்திரமாகச் சேமிக்க ஒரு வரம்பு உண்டு. ஒருவருக்கு 110 கிலோவில்தான் அந்த வரம்பு தாண்டும், இன்னொருவருக்கு 62 கிலோவிலேயே தாண்டிவிடும். நோய் வருவது வரம்பைத் தாண்டும்போது. எடை எத்தனை என்பது இரண்டாம்பட்சம்.

தெற்காசியர்களுக்கு அந்த வரம்பு சராசரியாகக் கீழே இருக்கிறது. இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30-இல் இருக்கும் அதே சர்க்கரை நோய் அபாயம் தெற்காசியர்களுக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. அதாவது அவர்கள் "உடல் பருமன்" என்று அழைக்கும் இடத்தின் அபாயம், நமக்கு "நார்மல்" என்ற கட்டத்துக்குள்ளேயே தொடங்கிவிடுது.

காரணம் பிறப்புக்கு முன்பிருந்தே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவினர் புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் நம் குழந்தைகளுக்கு நன்றாகவே சிறுத்திருந்தன. ஆனால் முதுகில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே "ஒல்லியான குண்டு" உடல்வாகு! தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்களுக்குச் சத்தான சாப்பாடு கிடைக்காதது இதில் ஒரு பங்கு வகிக்கிறது என்கிறார்கள். மரபணுவுக்கும் பங்கு உண்டு. அப்படிப் பிறந்த உடம்பு பின்னால் நகரத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வேளையும் அரிசியும் மைதாவும் சாப்பிடும்போது குதிர் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வில் பிஎம்ஐ கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்புச் சுற்றளவுப்படி வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எடை மெஷின் "ஓகே" என்று சொல்லி அனுப்பிய கோடிக்கணக்கானவர்கள் அந்த இடைவெளியில்தான் இருக்காங்க.

எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த இடைவெளியில் இருந்தவர். ஒன்றாக வேலை பார்த்தோம். காலேஜ் காலத்து பேன்ட் இன்னும் சேர்கிறது என்று பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான், ஆனால் பேன்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டிருப்பார். 41 வயதில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், விழித்திரையைப் பார்த்த கண் டாக்டர்தான் உடனே சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். விழித்திரையில் மாற்றம் தெரிகிறது என்றால் சர்க்கரை பல வருஷமாக உள்ளே இருந்திருக்கும். அவர் அப்பாவுக்கும் சுகர் உண்டு. இருந்தும் ஒரு தடவைகூட டெஸ்ட் எடுத்ததில்லை. காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது, "நான்தான் ஒல்லியாச்சே!"

அந்த ஒரு வார்த்தையால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

டெக்ஸா ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பெல்ட் போடும் இடம் அல்ல, அதற்கு மேலே. வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை சாதாரணமாக விட்டு முடிக்கும்போது அளவைப் பாருங்கள். இந்தியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இன்ச் கணக்கில் சுமார் 35½, 31½. இதுவும் நினைவில் நிற்காதென்றால் இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு. இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 5 அடி 4 அங்குலம் என்றால் 64 அங்குலம், பாதி 32.

பிஎம்ஐ பார்ப்பதாக இருந்தால் நமக்கான கோடு வேறு என்பதை மறக்காதீர்கள். இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒப்புக்கொண்டபடி 23-இலிருந்து கூடுதல் எடை, 25-இலிருந்து பருமன்.

வயிறு வரம்பைத் தாண்டியிருந்தாலோ, அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ, ஒல்லி குண்டு பார்க்காமல் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். 30 வயதைத் தாண்டிய யாருமே எடுப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. உள்ளே சேர்ந்த கொழுப்புதான் முதலில் கரையும். டெய்லர் குழுவினர், பிஎம்ஐ 27-க்கும் குறைவாக இருந்த 20 சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைத்துப் பார்த்தார்கள். 14 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. குறைத்தது பத்து கிலோவுக்கும் கீழேதான். வரம்பைத் தாண்டி வழிந்ததை மட்டும் அள்ளினால் போதும் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

இன்னொன்று தசை. சாப்பிட்டபின் ரத்தத்துக்கு வரும் குளுக்கோஸில் பெரிய பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். நமக்குப் பிறவியிலேயே அது குறைவு. அதனால் நடைப்பயிற்சியோடு நிறுத்தாமல், உட்கார்ந்து எழுவது, தண்டால், படி ஏறுவது, பளு தூக்குவது என்று தசைக்கு வேலை கொடுப்பது நம்ம உடல்வாகுக்கு அவசியம். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று புரதத்தைக் கூட்டுவதும் அதே காரணத்துக்காக.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

ஒல்லியானவர்களுக்கு வரும் சர்க்கரை எல்லாம் இந்த ஒரே வகை அல்ல. உடம்பு இன்சுலினே சுரக்காத முதல் வகை இருக்கிறது. கணையம் பழுதாகி வருவது இருக்கிறது. சிறு வயதிலிருந்தே சத்துக்குறைவால் இன்சுலின் சுரப்பு குறைந்து வரும் வகையை, வேலூரில் நடந்த நிபுணர் கூட்டத்தைத் தொடர்ந்து, 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு "ஐந்தாம் வகை" என்று ஏற்றுக்கொண்டது. இவர்களிடம் போய் "எடையைக் குறை" என்று சொன்னால் ஆபத்து. தொப்பை இல்லை, எடை தானாக இறங்குகிறது, தாகமும் சிறுநீரும் அதிகம் என்றால் இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். நான் டாக்டர் இல்லை, படித்ததைப் பகிர்கிறவன் மட்டுமே.

அதேபோல, "சுமோ மல்லருக்கே ஒன்றும் இல்லையே" என்று பருமனுக்கு இதை வக்காலத்தாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த மல்லர் தினமும் மணிக்கணக்கில் உழைக்கிறார். மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவை கொழுப்பு எங்கே இருந்தாலும் எடையோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் "இவர் நோயாளி" என்று முடிவு கட்டவும் நமக்கு உரிமை இல்லை. 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழுவும் இதைத்தான் சொன்னது. பிஎம்ஐ எண்ணை மட்டும் வைத்து ஒருவரைப் பருமன் நோயாளி என்று சொல்லாதீர்கள், இடுப்பை அளந்து பாருங்கள், உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள் என்றது.

இன்று வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை அளந்து, ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். குண்டாக இருக்கிறவர்கள் தாங்களாகவே அளந்துகொள்வார்கள், அவர்களுக்குத்தான் ஊரே நினைவூட்டிக்கொண்டு இருக்கிறதே. "எனக்கு எதுக்கு, நான்தான் ஒல்லியாச்சே" என்று நழுவுகிற ஆளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.